சர்வர் ஸ்லோ

கம்ப்யூட்டர் சென்டர்க்காரர் என்பவர் தாலுகா ஆபீசுக்கும் ஊருக்கும் நடுவே உட்கார்ந்திருப்பவர். விருத்தாசலத்திலிருந்து கம்மாபுரம் வரை கடைத்தெருக்களில் காணப்படுவார். மேசையில் கைரேகைக் கருவி, லேமினேஷன் மிஷின், விருத்தாசலத்துப் பீங்கான் பிள்ளையார் ஒன்று.

சம்பா பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசித் தேதி நெருங்கும் நவம்பரில் இவரை முழு உருவில் பார்க்கலாம். அடங்கலும் சிட்டாவும் பாஸ்புக்குமாக வாசல்வரை கூட்டம்.

“ஆச்சா தம்பி?”

“சர்வர் ஸ்லோ பெரியவரே, உக்காருங்க.”

சர்வர் எங்கோ தொலைவில் இருக்கிறது. மறுத்துப் பேச வராது. குற்றவாளியோ பல நாள் அவர் காலடிப் பெட்டியிலேயே இருக்கும். டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் ‘டிஸ்க் 100%’ என்று சிவந்து நிற்கும். “டிஸ்க் ஃபுல்லாயிடுச்சு” என்று அவர் மச்சான் கல்யாண வீடியோவை அழிப்பார். 100% என்பது இடம் தீர்ந்ததைச் சொல்வதல்ல. ரேஷன் கடையில் மூட்டை எவ்வளவு இருக்கிறது என்பது வேறு, எடை போடுகிறவருக்குக் கை ஓயவில்லை என்பது வேறு, இது இரண்டாவது.

பழைய ஹார்ட் டிஸ்க்கின் தட்டு நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுற்றும். முள் நகர்ந்து, உரிய இடம் சுற்றிவரக் காத்திருந்து படிப்பதால், சிதறிக் கிடக்கும் தகவல்களில் விநாடிக்கு நூறு சொச்சம்தான் எடுக்க முடியும். ராம் 4 ஜிபியாக இருந்தால், அதில் கொள்ளாததும் டிஸ்க்கின் தலையில்தான் விழும்.

இவருடைய முதல் வைத்தியம் ரெஃப்ரெஷ். வலது க்ளிக் செய்து ஏழெட்டு முறை அடிப்பார். அதனால் திரையிலுள்ள ஐகான்கள் ஒருமுறை கண் சிமிட்டும், வேறொன்றும் நடக்காது. அடுத்து, திறக்காத குரோமை மேலும் நான்கு முறை தட்டுவார். நான்கும் வரிசையில் சேரும். கடைசியில் ரீஸ்டார்ட். விண்டோஸ் எல்லாவற்றையும் முதலிலிருந்து படிக்கத் தொடங்க, ஆன்டிவைரஸும் எழுந்து கொள்ளும். டேபிள் ஃபேனைப் பெட்டிப் பக்கம் திருப்புவதும் உண்டு. அதனால் கெடுதல் இல்லை, வியர்ப்பவர் அவர்தான்.

செய்ய வேண்டியது: டாஸ்க் மேனேஜரில் ‘டிஸ்க்’ என்ற தலைப்பைத் தட்டினால், அதிகம் இழுக்கும் நிரல் மேலே வரும். அது அப்டேட்டாக இருந்தால், கடை சாத்திய பின் ஒரு ராத்திரி ஓடி முடியட்டும். ஆன்டிவைரஸ் ஸ்கேனை மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு மாற்றலாம். 2007-இல் விஸ்டாவோடு சூப்பர்ஃபெட்ச் என்று வந்து, இன்று சிஸ்மெயின் என்ற பெயரில் ஓடும் சேவையைச் சின்ன மெஷினில் நிறுத்திப் பார்க்கலாம். எதுவும் ஓடாதபோதும் 100% இறங்கவில்லையென்றால் டிஸ்க்கே சாகக் கிடக்கலாம். முதலில் ஃபைல்களை வேறிடத்தில் காப்பி எடுக்க வேண்டும். நிரந்தரத் தீர்வு எஸ்எஸ்டி. அதில் சுற்றும் தட்டே கிடையாது. சிதறிய தகவல்களையும் விநாடிக்குப் பல்லாயிரம் எடுக்கும்.

எஸ்எஸ்டி போட்ட சென்டர்களிலும் “சர்வர் ஸ்லோ” என்ற பதில் நிற்கவில்லை. அங்கே அது பெரும்பாலும் உண்மை.