சனிக்கிழமை நாய்க்காரர்

சனிக்கிழமை காலை பத்து மணி சுமாருக்கு ஜவ்வாது மலை மேலே, ஜமுனாமரத்தூர் கடைத்தெருவில் ஒரு வெள்ளைக் கார் வந்து நிற்கும். கதவு திறந்ததும் முதலில் ஒரு நாக்கு இறங்கும். அதன் பின்னால் நாய், நாயின் பின்னால் பெல்ட், பெல்ட்டின் மறுமுனையில் நம்மவர். சென்னையோ பெங்களூரோ வேலூரோ, ஊர்தான் மாறும், ஆள் மாறமாட்டார். அரைக்கால் டவுசர். மலையேற என்று வாங்கி, மாலில் எஸ்கலேட்டர் மட்டுமே ஏறிய ஷூ. இடுப்பில் ஒரு பை. அதற்குள் நாய் பிஸ்கட், நாய்க்குத் தண்ணீர், உண்ணிக்கு ஸ்ப்ரே, அதன் கழிவை அள்ள மடித்து வைத்த காகிதப் பைகள், ஈரத் துடைப்பான். தனக்கென்று அவர் எடுத்துவைத்தது ஒரு தொப்பி. அது வீட்டில் சோபா மேல் இருக்கும்.

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்ததும் யாரும் கேட்காமலே ஆரம்பிப்பார். “ப்ரூனோவுக்கு எக்ஸர்சைஸ் ரொம்ப முக்கியம் சார். அதுக்காகத்தான் இவ்வளவு தூரம்.” ப்ரூனோ என்பது பழுப்பு நிற லேப்ரடார். எக்ஸர்சைஸ் என்ற சொல் காதில் விழுந்ததும் அது பெஞ்சுக்கடியில் போய்ப் படுத்துக்கொள்ளும்.

பேச்சுவாக்கில், “தினமும் எவ்வளவு நேரம் நடத்துவீங்க?” என்று மட்டும் கேட்டுவிடக்கூடாது. குடும்பத்தில் எத்தனை பேரோ அத்தனை பதில் வரும்.

“ரெண்டு மணி நேரம். காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு” என்பார் நம்மவர்.

“ஏங்க, ரெண்டையும் சேர்த்தாலே அரை மணி நேரந்தான் வரும்” என்பார் அவர் மனைவி.

மகள் காதிலிருந்து ஹெட்போனை ஒரு பக்கம் மட்டும் விலக்கி, “செக்யூரிட்டி அங்கிள் லீவு போடாத நாள்ல” என்று சொல்லிவிட்டு மறுபடி மாட்டிக்கொள்வாள்.

நம்மவர் பொய் சொல்பவரல்ல. அவருடைய கணக்குமுறை வேறு, அவ்வளவுதான். நாலாவது மாடியில் லிஃப்டுக்குக் காத்திருந்தது, கீழே போனதும் அசோசியேஷன் செயலாளரிடம் தண்ணீர் லாரி பற்றி வாதாடியது, நாயை வேப்பமரத்தில் கட்டிவிட்டு ஆபீஸ் போன் பேசியது எல்லாமே வாக்கிங்கில் சேர்த்தி. நாய் நடந்த நேரம், நாய் நின்ற நேரம் என்று அவர் பேதம் பார்ப்பதில்லை. இன்னொரு நாய்க்காரர் எதிரில் இருந்தால் இந்த இரண்டு மணி நேரம் இரண்டரை ஆகும். எதிராளி ஹஸ்கி வைத்திருந்தால் மூன்று.

ஆளுக்குப் படிப்பும் உண்டு. “ஜெர்மனியில சட்டமே இருக்கு சார், தினமும் ஒரு மணி நேரம் நாயை நடத்தலேன்னா ஜெயில்!” பாதி உண்மை. 2020இல் அந்நாட்டு வேளாண் அமைச்சர் யூலியா க்ளோக்னர், நாளுக்கு இரண்டு முறை, மொத்தம் ஒரு மணி நேரமாவது நாயை வெளியே அழைத்துப்போக வேண்டும் என்று விதி கொண்டுவரப் பார்த்தார். வீடு வீடாகப் போய் மணி பார்ப்பது யார் என்று அந்த ஊர்க்காரர்களே சிரித்தார்கள். 2022இல் விதி நடைமுறைக்கு வந்தபோது போதுமான அளவு வெளியே விட வேண்டும் என்பது இருந்தது, ஒரு மணி நேரம் என்பது காணாமல் போயிருந்தது. ஜெயில் மட்டும் நம்மவர் தானாகச் சேர்த்துக்கொண்டது.

கால்நடை மருத்துவர்களும் எல்லா நாய்க்கும் ஒரே அளவு சொல்வதில்லை. இனம், வயது, உடம்பு பார்த்து நாளுக்கு அரை மணியிலிருந்து இரண்டு மணி வரை என்பார்கள். சப்பை மூக்கு பக் நாயை வெயிலில் ஓடவிட்டால் மூச்சு முட்டும். பனியில் வண்டி இழுக்கப் பிறந்த ஹஸ்கிக்குத் தெருமுனை வரை போய்வருவது காலைச் சோம்பல் முறிப்பதற்குக்கூடக் காணாது. லேப்ரடார், நியூஃபவுண்ட்லாந்து மீனவர்களோடு குளிர்ந்த கடலில் நீந்தி வேலை செய்த வம்சம். அதோடு ஒரு வம்ச வில்லங்கமும் சேர்ந்திருக்கிறது. ஏறத்தாழ நான்கில் ஒரு லேப்ரடாருக்கு, வயிறு நிறைந்த சேதியை மூளைக்குச் சொல்லும் மரபணுவில் கோளாறு என்று 2016இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். இந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்து நம்மவர் நிம்மதியாகிவிட்டார். ப்ரூனோவின் தொப்பைக்கு இனி மரபணுதான் பொறுப்பு. சாப்பாட்டு மேஜையிலிருந்து தினமும் விழும் மூன்று சப்பாத்திக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

நம்மவரின் அடிப்படைக் கொள்கை இதுதான்: உடற்பயிற்சி என்பது தவணைக் கடன். திங்கள் முதல் வெள்ளி வரை கட்டாமல் விட்ட பாக்கியை, சனிக்கிழமை மலைக்கு வந்து வட்டியோடு மொத்தமாகக் கட்டிவிடலாம். கடன் வாங்கியது அவர், கட்டுவது ப்ரூனோ.

ஆக, பொங்கல் வடை முடிந்து பதினொரு மணிக்கு பீமன் அருவிப் பக்கம் நடை தொடங்கும். மலைதானே, குளுகுளுவென்று இருக்கும் என்று நினைத்து வந்தவர். ஜவ்வாது மலைக்கு ஊட்டி ஆகும் ஆசை இருந்ததே கிடையாது. பதினொரு மணி வெயில் இங்கேயும் பதினொரு மணி வெயில்தான். மனிதனுக்கு உடம்பெல்லாம் வியர்க்கும், நாய்க்குப் பாதத்தின் அடியில் கொஞ்சம் வியர்த்தால் உண்டு. மிச்சச் சூட்டை நாக்கைத் தொங்கப்போட்டுத்தான் இறக்க வேண்டும். மொசைக் தரையில் வளர்ந்த பாதத்துக்குத் தார்ச்சாலையின் கொதிப்பு புதுசு. அரைக் கிலோமீட்டரில் ப்ரூனோ உட்காரும். “கமான் பேபி, கமான்!” பேபி வராது. பெல்ட்டை இழுப்பார், பெல்ட் வரும். கடைசியில் முப்பது கிலோ பேபியைத் தூக்கிக்கொண்டு நம்மவர் திரும்பி நடப்பார். அன்றைக்கு அந்த மலையில் யாராவது உருப்படியாக உடற்பயிற்சி செய்தார்கள் என்றால் அது அவர்தான்.

தூக்கிக்கொண்டு வரும்போதுதான் ஓர் அம்மா எதிர்ப்படுவார். முன்னால் பத்துப் பன்னிரண்டு ஆடு, தோளில் தொரட்டி, பின்னால் காது கிழிந்த செவலை நாய் ஒன்று.

“நாய்க்கு என்னா சாமி, அடிபட்டுச்சா?”

“இல்லம்மா, வாக்கிங் கூட்டிட்டுப் போனேன்.”

“எங்க போறதுக்கு?”

“எங்கேயும் இல்ல. சும்மா நடக்கிறதுக்கு.”

அந்த அம்மாள் ஆடுகளை நிறுத்திவிட்டு அவரை ஏற இறங்கப் பார்ப்பார். எங்கேயும் போகாமல் நடக்க ஒரு மனுஷன் கார் வைத்துக்கொண்டு மலையேறி வந்திருக்கிறான் என்பது அவருக்கு விளங்காது. வழி தப்பிவிட்டதைச் சொல்ல வெட்கப்படுகிறார் என்று முடிவுகட்டி, “நம்மியம்பட்டு பஸ்ஸு அந்தப் பக்கம் வரும் சாமி, கையக் காட்டினா நிறுத்துவான்” என்று தேற்றிவிட்டுப் போவார். செவலை மட்டும் ஒரு நிமிஷம் நின்று, மனிதன் மேல் சவாரி செய்யும் நாயை அண்ணாந்து பார்க்கும். அந்தப் பார்வையில் இருப்பது பொறாமையா, இளக்காரமா என்பதை ப்ரூனோவிடம்தான் கேட்க வேண்டும்.

செவலைக்கு வாக்கிங் கிடையாது, வேலை உண்டு. பகலில் ஆட்டோடு காடு, இரவில் சாமை விளைந்த கொல்லையில் பன்றி விரட்ட வேண்டும். மேலே பரணில் ஆள் தகரத்தைத் தட்ட, கீழே இருட்டுக்குள் குரைத்துக்கொண்டு ஓடுவது இதன் பொறுப்பு. கூலி, களி. எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. இந்த மலையின் மலையாளிப் பழங்குடி மக்கள் வீட்டில் நாயை ‘நடத்துவது’ என்ற பேச்சே இல்லை, அவிழ்த்துவிட்டால் சரி. இதைக் கண்டு, ஆகா, மலை நாயின் வாழ்க்கையே வாழ்க்கை என்று நம்மவர் பெருமூச்சு விடுவார். அவசரப்படக்கூடாது. அந்த வாழ்க்கையில் சிறுத்தை உண்டு, கரடி உண்டு, தடுப்பூசி போட அலைய வேண்டிய கஷ்டமும் உண்டு. வேலை இல்லாத நாளில் செவலையும் டீக்கடை அடுப்பின் சாம்பலில் சுருண்டு, ஹாரன் அடித்தாலும் எழுந்திருக்காது. நம்மவர் செவலையின் சுதந்திரத்தை மட்டும் பார்த்து, ப்ரூனோவின் கட்டை அவிழ்த்துக் காப்புக்காட்டுக்குள் ‘ஃப்ரீயா’ விட்டுவிடுகிறவர். மயில் கத்தும், மான் தெறிக்கும், வனக்காவலர் வருவார். அதற்குப் பிறகு நடக்கும் உரையாடலில் பேபி என்ற சொல் வராது.

வேலை பார்த்த நாய்க்கு இந்த வட்டாரத்தில் மரியாதை இல்லாமலில்லை. மலையிறங்கி செங்கம் தாண்டித் தண்டராம்பட்டுப் பக்கம் போனால் எடுத்தனூர். அங்கே முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டு. மாடு கவர வந்தவர்களோடு மோதி இறந்த கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு எடுத்த கல். அவன் பக்கத்திலேயே ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அதன் பெயர் கோவிவன் என்றும், அது இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றது என்றும் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். எத்தனை பேரைக் கடித்தது என்பது வரை துல்லியமான கணக்கு. எவ்வளவு தூரம் ஓடியது என்று யாரும் குறித்து வைக்கவில்லை. நம்மவர் இந்தக் கதையைக் கேட்டதும் ப்ரூனோவைப் பெருமையோடு தடவிக்கொடுப்பார். அது இதுவரை கடித்தது இரண்டு செருப்பு, ஒரு ரிமோட்.

இதற்கிடையே தங்குமிடத்தின் அறையில் கூடவே வந்த ஒரு பூனையும் இருக்கிறது. அது அவர் மனைவியின் இலாகா. பூனைக்கு மணிக்கணக்கு நடை தேவையில்லை. ஐந்து பத்து நிமிஷம் பாய்ந்து விளையாடக் கிடைத்தால் போதும், அப்படி நாளுக்கு இரண்டு மூன்று தடவை. எலிகள் நடமாடும் விடியலும் அந்தியும்தான் அதற்கும் சுறுசுறுப்பான வேளை. மனைவி சுவரில் சிவப்பு விளக்குப் புள்ளியை ஓடவிட்டு, பூனையைத் துரத்தவைப்பார். சுவருக்குப் பின்னால் தானிய மூட்டை அடுக்கிய அறையில், விடுதிக்காரர் வீட்டுப் பூனை, நிஜத்திலேயே ஓடும் புள்ளியைத் துரத்திக்கொண்டிருக்கும். ஒன்றுக்குக் கடைசியில் வாயில் ஏதாவது கிடைக்கும். இன்னொன்றுக்கு விளக்கை அணைத்துவிடுவார்கள்.

இரவானால் காவலூர். வைணு பாப்பு வானாய்வகம் இந்த மலையில்தான் இருக்கிறது. 1986இல் திறந்த 2.3 மீட்டர் தொலைநோக்கி. அதற்கு முன்பே, யுரேனஸுக்கு வளையங்கள் உண்டென்று 1977இல் உலகம் தெரிந்துகொண்டதில் காவலூருக்கும் பங்கு உண்டு. நாயை உள்ளே விடமாட்டார்கள் என்பதால் நம்மவர் விடுதி வாசலிலேயே நின்று மகளுக்கு வானம் காட்டுவார். பனிக்காலமானால் ஓரியன் என்ற வேட்டைக்காரன் தெரியும். இடுப்பில் மூன்று நட்சத்திரப் பெல்ட். அதே கோட்டில் கீழே போனால் பெருநாய்க் கூட்டத்தின் சிரியஸ், இரவு வானிலேயே பிரகாசமான நட்சத்திரம்.

“வேட்டைக்காரன் முன்னால போறான் பாரு, நாய் பின்னாலயே போகுது.”

“பெல்ட் அவர் இடுப்புல இருக்கு டாடி” என்பாள் மகள். “நாய் கழுத்துல இல்ல.”

நம்மவர் சட்டென்று பேச்சை யுரேனஸுக்கு மாற்றுவார்.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு ஒரு விபத்து நேர்கிறது. நடையை அளக்கும் செயலியைத் திறந்தால் சிக்னல் இல்லை. எடுக்க வேண்டிய ஆபீஸ் போன் இல்லை, வாதாட ஒரு செயலாளர் இல்லை, அனுப்பிவைக்க ஒரு செக்யூரிட்டி இல்லை. வேறு வழியில்லாமல் நம்மவர் நாயோடு நடக்கிறார். நேற்று அரைக் கிலோமீட்டரில் உட்கார்ந்த ப்ரூனோ இன்று தானாகவே இழுத்துக்கொண்டு போகிறது, ஏனென்றால் இன்று வெயில் இல்லை. ஒரு புற்றருகே நிற்கிறது. மோப்பம் பிடிக்கிறது, சுற்றிவந்து மறுபடி பிடிக்கிறது. நாய்க்கு மூக்கு வேலையும் உடற்பயிற்சிக்குச் சமம். ராத்திரி யார் வந்தார், எப்போது போனார் என்ற முழுப் பஞ்சாயத்தும் அந்த மண்ணில் எழுதியிருக்கும். அபார்ட்மென்டில் என்றால் இதற்குள் மூன்று தடவை “கமான்” சொல்லியிருப்பார். இன்று அவசரமாகப் போக ஓரிடமும் இல்லாததால் சும்மா நிற்கிறார். அரை மணியில் இருவரும் திரும்பிவிடுகிறார்கள். ப்ரூனோவுக்கு வேண்டியிருந்தது அந்த அரை மணிதான். அது செவ்வாய்க்கிழமை காலையில் வேளச்சேரியிலேயே கிடைக்கும், பெட்ரோல் செலவு இல்லை. ஆனால் இதை அவரிடம் யாரும் சொல்லப்போவதில்லை. ஜமுனாமரத்தூர் டீக்கடைக்காரருக்கும் வியாபாரம் நடக்க வேண்டும்.

மதியச் சாப்பாடு முடிந்து இறக்கம். ஆலங்காயம் நெருங்கும்போது சிக்னல் உயிர் பெற்று, செயலி கண் விழிக்கும். இரண்டு நாள் மலைவாசத்துக்கு அது போட்டிருக்கும் கணக்கு: 0.4 கிலோமீட்டர். நம்மவர் காரை ஓரங்கட்டிவிடுவார். போனை அணைத்துப் போடுவார், ஆட்டிப் பார்ப்பார், மகளிடம் நீட்டுவார். 0.4தான்.

“நடந்தது ப்ரூனோவுக்குத் தெரியும். விடுங்க, வண்டிய எடுங்க” என்பார் மனைவி.

“ப்ரூனோவுக்குத் தெரிஞ்சு என்னடி பண்றது? அசோசியேஷன் குரூப்புக்குத் தெரிய வேண்டாமா?”