புகைப்பொட்டிக்கு வந்த புது எசமான்

பொட்டியத் தொறந்து போட்டுட்டு ஸ்க்ரூடிரைவரோட நிக்கறயே மாப்பிள்ளே, நல்லதுதான். டல்லாஸ்ல சனிக்கிழமைப் பொழுதைப் போக்க வேற என்ன இருக்குது? பக்கத்து வீட்டுக்காரன் பெரிய இரும்புப் பீப்பாயைப் படுக்க வெச்சு, போஸ்ட் ஓக் கட்டையைச் சொருகி, ராத்திரியெல்லாம் முழிச்சுட்டுக் கெடக்கறான். நீ படிச்சவன். உனக்குக் கட்டையும் வேண்டாம், முழிப்பும் வேண்டாம்; ப்ளக்கைச் சொருகுனாப் புகை வரோணும். வந்துது. கறியும் வெந்துது. அதோட விட்டிருந்தா நீ எப்படி எங்கக்கா மவன்?

இந்தக் கரண்டுப் பொட்டியை நானும் குனிஞ்சு பாத்தேன். உள்ளார நாலு கம்பித் தட்டு. அடியில ஒரு காயில், 800 வாட்ஸ். அதுக்கு மேல மரச்சில்லு போடற சின்னத் தட்டு, அதுக்கும் மேல தண்ணிச் சட்டி. பின்செவுத்துல சூட்டைப் பாக்கற முனை ஒண்ணு. 225 டிகிரி ஃபாரன்ஹீட்டுனு நீ வெச்சா, 225 வந்தப்புறந்தான் அது கரண்ட நிறுத்துது. நிறுத்துனாலும் காயில் செவசெவன்னுதான இருக்கும்? சூடு 250ஐத் தாண்டிப் போயிருது. அப்புறம் எறங்கி எறங்கி 200க்கு வந்தப்பறம் ஞாபகம் வந்து மறுபடி போடுது. இதுல பன்னித் தோளுக்கு ஒரு நட்டமும் இல்லை கண்ணு. அது பத்துப் பன்னெண்டு மணி நேரம் ஆற அமர வேகற சரக்கு. வெளிய ஏறி எறங்கறதெல்லாம் உள்ளார போய்ச் சேர்றப்பச் சமமாயிரும். தூக்கம் கெட்டது உனக்குத்தான். நீதான் படுத்துட்டே போன்ல சூடு ஏறி எறங்கற கோட்டைப் பாத்துட்டுக் கெடந்தே.

அதனால பொட்டி வெலையில பாதிக்கு மேல குடுத்து ஒரு பி.ஐ.டி கன்ட்ரோலரை வாங்கிட்டு வந்துட்டே. அதைய நான் கொறை சொல்ல மாட்டேன். கவுந்தப்பாடிப் பக்கம் கரும்பாலை ஆடறப்ப, கொப்பரைக்கு அடியில சக்கை தள்ளறவரைப் பாத்திருக்கறயல்ல? பாகு பதத்துக்கு இன்னும் எவ்வளவு தூரம்னு ஒரு கண்ணுல பாப்பாரு. எத்தனை நேரமா இப்படி இழுத்தடிக்குதுன்னு மனசுல ஒரு கணக்கு ஓடும். நுரை எந்த வேகத்துல ஏறுதுன்னு பாத்து, பொங்கறதுக்கு முன்னாலயே கையை இழுத்துக்குவாரு. உம்பட கன்ட்ரோலருக்குள்ள நடக்கறதும் இந்த மூணுதான்: கொறை எவ்வளவு, கொறை எத்தனை நேரமாச் சேந்துது, எந்த வேகத்துல மாறுது. 1922ல நிக்கலஸ் மினோர்ஸ்கின்னு ஒருத்தர், ருஷ்யாவுல இருந்து இந்த நாட்டுக்கு வந்தவரு, கப்பல்ல சுக்கான் பிடிக்கறவன் கை எப்படிப் போகுதுன்னு பாத்துத்தான் இந்தக் கணக்கை எழுதி வெச்சாரு. அப்புறம் நியூ மெக்சிகோங்கற போர்க்கப்பல்ல கட்டிப் பாத்தாங்க. கப்பலே நேராப் போச்சு, கறி போகாதா? தாராளமாப் போகும்.

ஆனா ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதே. பொட்டியோட பழைய கன்ட்ரோலரை என்ன பண்ணுனே? அப்படியே விட்டுட்டுப் புதுசை வெளிய இருந்து சொருகிட்டயா? வெளங்குன மாதிரித்தான். புது எசமான் ரெண்டு செகண்டுக்கு ஒருக்காக் கரண்ட விட்டு விட்டுக் குடுப்பான். நம்பர் எரியற பழைய எசமானுக்கு ஒவ்வொருக்காவும் கரண்டு போனா எல்லாமே மறந்து போகும். கண்ணை முழிச்சுப் பேந்தப் பேந்தப் பாத்துட்டு, மறுபடி பட்டனை அமுத்துவேன்னு காத்துட்டு நிப்பான். ஒரு பொட்டிக்கு ரெண்டு எசமான் ஆகாது. பழசைக் கழட்டி, காயிலுக்கு நேரா வயர் இழுக்கோணும். சும்மா திருகற குமிழ் இருக்கற பொட்டியா இருந்தாக் குமிழைக் கடைசி வரைக்கும் திருகி விட்டாப் போதும். உனக்கு அது புடிக்காது, நம்பர் எரியோணும்.

பழசை ஒதுக்கறேன்னுட்டு, காயிலுக்குப் போற வழியில காசளவு ஒரு லிமிட் சுவிட்ச் இருக்குது பாரு, அதையும் சேத்துப் புடுங்கிப் போட்றாதே. ஏன்னா புதுக் கன்ட்ரோலர் சொன்னபடி கரண்ட விட்டு நிறுத்தற சாலிட் ஸ்டேட் ரிலே செத்தா, பெரும்பாலும் வாயை மூடிட்டுச் சாகாது. தொறந்த வாய் தொறந்தபடியே சாகும். அப்புறம் திரையில கன்ட்ரோலர் "நிறுத்து, நிறுத்து"ன்னு சொல்லிட்டே இருக்கும், காயில் பாட்டுக்கு எரிஞ்சுட்டே இருக்கும். அன்னைக்கு உன்னையக் காப்பாத்தறது அந்தக் காசளவுச் சுவிட்ச் மட்டுந்தான். காயில் முனையில சாதாரண பிளாஸ்டிக் தொப்பி போட்ட வயரும் ஆகாது, உருகிரும். சூடு தாங்கற கண்ணாடி நார் உறை போட்ட வயர், இறுக்கி அமுக்குன முனை. அந்த முனை லொடலொடன்னு ஆடுனா, கரண்டு வெறும் 7 ஆம்பியருக்குள்ளதான்னாலும் நாளாக நாளாகக் கருகித் தானே கழண்டுரும். எங்க போயும் நிதானம் வராத உங்கையி இங்க மட்டும் நிதானமாப் போகட்டும்.

அடுத்தது சென்சார். நீ அதைய எங்க மாட்டி வெச்சிருக்கறேன்னு பாத்தேன். கறிக்கு மேல உரசிட்டு. அது என்ன பண்ணும்? ஃப்ரிட்ஜுல இருந்து எடுத்த கறி சில்லுனு இருக்கும். அதோட ஒட்டி இருந்தா, "ஐயோ, பொட்டி கூதல்ல நடுங்குது"ன்னு நெனச்சுக் கரண்ட அள்ளி விட்டுரும். மேல நீ 225 பாத்துச் சந்தோசப்படுவே. கீழ்த்தட்டுல தீய்ஞ்சு போயிருக்கும். கறி இருக்கற தட்டு மட்டத்துல, கறிக்கு ஒரு இஞ்சோ ரெண்டு இஞ்சோ தள்ளி, காயிலுக்கு நேர் மேல இல்லாமப் பாத்து மாட்டு. மாட்டறதுக்கு முன்னால கொதிக்கற தண்ணியில முக்கிப் பாரு. டல்லாஸ்ல 212 கிட்டக் காட்டோணும். 220ன்னு காட்டுச்சுன்னா, ஒரு டிகிரி சுத்தத்துக்குன்னு நீ குடுத்த காசு அத்தனையும் அந்த முனையிலயே போச்சு.

ஆட்டோ ட்யூன்னு ஒரு பட்டன் இருக்குது. அது தன் போக்குல ரெண்டு மூணு தடவை ஏத்தி எறக்கிப் பாத்து, உம்பட பொட்டியோட கொணத்தைப் படிச்சுக்கும். அப்பக் கதவைத் தொறக்காதே. தெரியும், சொன்னாலும் தொறப்பே.

இப்ப நான் இத்தனை நேரமாச் சொல்லாம வெச்சிருந்த சேதிக்கு வாறேன். பழைய கிறுக்கு எசமான் கரண்ட அள்ளிப் போட்டப்பல்லாம் காயில் செவந்துது. செவந்ததுனால மேல இருந்த சில்லு கருகிப் புகைஞ்சுது. இப்ப வந்த புது எசமான் நல்லவன். பொட்டி 225ல நின்னுட்டா, அதைய நிறுத்தி வெக்கறதுக்கு வேணுங்கற கரண்ட மட்டுந்தான் துளித்துளியா விடுவான். காயில் செவக்கவே செவக்காது. சில்லு வெதுவெதுன்னு படுத்துத் தூங்கும். பேரு புகைப்பொட்டி, புகை மட்டும் இல்லை! கோடு நேராப் போகுது, கறியில வாசம் இல்லைன்னு போன வாரம் நீ மோந்து மோந்து பாத்தயே, அதுதான் காரணம். அன்னைக்கே எனக்குத் தெரியும். கறி சுமாராயிருந்தாலும் மேல்பட்டை எனக்கு வந்துரும்னு பேசாம இருந்துட்டேன்.

இதுக்கும் வழி இருக்குது. கம்பி வலையில வளைஞ்சு வளைஞ்சு போற ஒரு தட்டு விக்கறான். அதுல மரத்தூளை அமுக்கிச் செஞ்ச பெல்லட்டைக் கொட்டி, ஒரு முனையைப் பத்த வெச்சு, கொஞ்ச நேரம் எரிய விட்டுச் சுடரை மட்டும் ஊதி அணைச்சுரு. காயிலோட தயவு இல்லாம, அது பாட்டுக்குப் பல மணி நேரம் கணகணன்னு இருக்கும். ஆனா அதுக்குக் காத்து வேணும். சில்லுப் போடற ஓட்டையைக் கொஞ்சம் இழுத்து விடு, மேல இருக்கற மூடியை முழுசாத் தொறந்து வெய்யி. புகை வீணாப் போகுதேன்னு மூடி வெச்சீன்னா, வெள்ளைவெள்ளையாக் குமுறும், கறி கசக்கும். கண்ணுக்குத் தெரிஞ்சும் தெரியாம நீலமா வந்தாப் போதும்.

அப்ப உம்பட பி.ஐ.டி தண்டமான்னு கேப்பே. தண்டமில்லை, நீ அதைய வெக்கற எடந்தான் தப்பு. சாசேஜ் போட்டுப் பாரு. பொட்டியை 130ல தொடங்கிப் பதனமா 170க்கு ஏத்தோணும். 180ஐத் தாண்டுனாக் கொழுப்பு உருகி வெளிய ஒழுகிரும், உள்ளார பொலபொலன்னு உதுந்து போகும். சால்மன் மீன் மேல வெள்ளையாப் பிதுங்குதே, அது சட்டுனு சூடேறுனதுனால கறி சுருங்கித் தள்ளுன புரதம். அங்கெல்லாம் இந்த எசமான் குடுத்த காசுக்கு வேலை செய்வான். அம்மிணி கேட்ட மொறுமொறு கோழிக்கு மட்டும் இவனைக் கூப்பிடாதே. பொட்டி 275க்கு மேல ஏறவே ஏறாது. உள்ளார 165 வந்து வெந்துரும், தோல் மட்டும் ரப்பராத்தான் இருக்கும். அதைய அடுப்புல போட்டுக்கலாம்.

இன்னும் ஒண்ணு. பன்னித் தோளோட உள்சூடு 160 கிட்ட வந்து மணிக்கணக்கா நின்னு போகும். கன்ட்ரோலர் கெட்டுப்போச்சுன்னு ராத்திரி ரெண்டு மணிக்கு அந்தக் கம்பெனிக்காரனுக்கு மெயில் போட்றாதே. கறி வேர்த்துட்டு இருக்குது. உள்ள போற சூட்டையெல்லாம் அந்த வேர்வை தூக்கிட்டுப் போகுது. ஈரம் கொறைஞ்சாத் தானே ஏறும். அவசரம்னாத் தாள்ல சுத்தி வெய்யி. 200 கிட்டப் போயி, எலும்பைப் புடிச்சு இழுத்தா வரோணும். ஒறம்பரை ஆறு மணிக்குன்னு சொல்லியிருக்கறாங்களா? அப்ப எட்டு மணிக்கு வருவாங்க. நேரம் நெறையவே இருக்குது.

சரி, மூடியைப் போடறதுக்கு முன்னால அந்த ரிலேவைக் காட்டு. ஆம்பியருக்கு ஒரு வாட் கணக்குல அதுவே சூடாகும், அடியில அலுமினியத் தகடு வெச்சு முறுக்கியிருக்கோணும். தகடு அட்டைப்பொட்டியிலயே கெடக்குதே மாப்பிள்ளே? ப்ளக்கைப் புடுங்கு மொதல்ல.