தக்காளி வீட்டுச் சம்பந்தம்

தாமிரபரணிக் கரைச் சிவகளையில் முதுமக்கள் தாழியைத் தோண்டினால் நெல் கிடைத்தது. அதற்கு வயது சுமார் 3,200 என்று 2021-இல் சட்டசபையிலேயே அறிவித்தார்கள். தக்காளி விதை? ஒன்றுகூட இல்லை வே. அப்போது தக்காளியார் பெரு நாட்டு மலையோரம் சுண்டைக்காய் சைஸில் கேட்பாரற்றுக் கிடந்தார். நம்ம சொதி இன்றைக்கும் அவரைச் சேர்ப்பதில்லை. (புளி நம்மாள் என்று ரொம்பத் துள்ள வேண்டாம், அதுக்கும் பூர்வீகம் ஆப்பிரிக்கா.)

மெக்சிகோக்காரர்கள் அவரை ஊட்டி வளர்த்து ஆளாக்கினார்கள். கொள்ளையடிக்க வந்த ஸ்பானியர் தங்கத்தை மூட்டை மூட்டையாகக் கட்டினார்கள். தக்காளி விதையில் மட்டும் ஒரு சிட்டிகையை மடியில் முடிந்துகொண்டார்கள். 1544-இல் மத்தியோலி என்ற இத்தாலிய வைத்தியர், இது கத்தரிக்காயில் ஒரு தினுசு என்று எழுதிவைத்தார். விஷமோ என்று பயந்து அழகுக்கு வளர்த்தவர்களும் உண்டு. அந்தச் சிட்டிகை வம்சத்தில் கொஞ்சம் கப்பலேறி நம்ம பக்கம் வந்தது.

வந்தவர் சம்பந்தம் பேசிய லட்சணத்தைக் கேளுங்கள். அத்தை மகன், மாமன் மகள் என்று நாம் சொந்தத்தில் முடித்தாலே டாக்டர் முறைக்கிறார். தக்காளிக்கு அந்த அலைச்சலும் கிடையாது. ஒரே பூவுக்குள் மகரந்தம், அங்கேயே சூல்முடி. மாப்பிள்ளையும் அவரே, பொண்ணும் அவரே, பந்திச் செலவு மிச்சம். அதனால் உருண்டை, நீளம், மஞ்சள், செர்ரி என்று வேஷம் எத்தனை கட்டினாலும், காட்டுச் சொந்தங்களிடம் உள்ள மரபணு வேறுபாட்டில் ஐந்து சதவீதம்கூட இவரிடம் தேறாது.

பாவூர்சத்திரம் மார்க்கெட்டில், "அண்ணாச்சி, நாட்டுத் தக்காளிதானே?" என்று கேட்டுப் பாருங்கள்.

"சுத்த நாட்டு, தாயீ!"

நாட்டு என்ற பெயரில் விற்கும் பி.கே.எம். 1, பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் பிறந்த பிள்ளை. அன்னஞ்சி என்ற உள்ளூர் ரகத்தின் மரபணுவைத் தூண்டிப் பிறழவைத்துப் பெற்றது. தட்டை உடம்பு, காம்பைச் சுற்றிப் பச்சைத் தோள், எவ்வளவு தூரம் லாரியில் போனாலும் நசுங்காத நெஞ்சழுத்தம்.

வெள்ளை ஈ வந்து இலைச்சுருட்டு நோயை ஏற்றினால்தான் காட்டுச் சொந்தம் ஞாபகத்துக்கு வரும். இலையெல்லாம் ரோமம், பழுத்தாலும் பச்சை, வாயில் வைக்க முடியாது; ஆனால் நோயைத் தாங்கும் மரபணு அவர் பெட்டியில்தான்.

கலாபகஸ் தீவுத் தக்காளி இன்னும் கிராக்கி. அமெரிக்கப் பேராசிரியர் சார்லஸ் ரிக் விதைத்துப் பார்த்தார், முளைக்கவில்லை. கடைசியில் அந்தத் தீவு ஆமைக்கே பழத்தைத் தின்னக் கொடுத்து, அது சாவகாசமாக வெளிக்குப் போகும்வரை காத்திருந்தார். வந்த விதை முளைத்தது! 1961-இல் இதை ஆய்வுக் கட்டுரையாகவே போட்டுவிட்டார்கள். காம்பு ஒட்டாமல் பழம் கழன்று வருகிற குணமும் அந்தத் தீவுச் சீதனம்தான். மெஷின் அறுவடைக்கு அது ரொம்பத் தோது. சாஸ் பாட்டில் லேபிளில் ஆமைக்கு ஒரு நன்றிகூடப் போடவில்லை, பாவிகள்.