இரண்டாம் பதிப்பு அண்ணை

லண்டனில் தமிழ்ப் புத்தக வெளியீடு நடக்கிற எந்த மண்டபத்துக்குப் போனாலும் இவரைக் காணலாம். ஈஸ்ட்ஹாமில் ஒருவர், ஹாரோவில் ஒருவர், டூட்டிங்கில் ஒருவர் என்று ஏரியாவுக்கு ஒருவராக இருக்கிறார். மேடையில் யார் பேசினாலும் இவருக்குக் கவலை இல்லை. விற்பனை மேசையில் கிடக்கும் புத்தகத்தை எடுப்பார், அட்டையைத் தடவுவார், வெளிச்சத்தில் சாய்ப்பார், "மாட் லாமினேஷன்" என்று தீர்ப்புச் சொல்லி வைத்துவிடுவார். உள்ளே திறக்கமாட்டார்.

இவரும் ஒரு நாவல் எழுதியவர்தான். சென்னையில் அச்சடித்துக் கப்பலில் வந்த முதற் பதிப்பில் பெரும்பகுதி கராஜில், வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆனாலும் அண்ணை இரண்டாம் பதிப்புக்கு ஆயத்தமாகிவிட்டார். "தம்பி, புத்தகம் போகாததுக்கு அட்டைதான் காரணம்."

ஆதாரமும் கைவசம் உண்டு. ப்ளூம்ஸ்பரி 1998இல் ஹாரி பாட்டருக்குப் பெரியவர்களுக்கென்று தனி அட்டை போட்டது. கதை அதேதான், ரயிலில் கூச்சப்படாமல் வாசிக்கலாம் என்பதுதான் புதுசு. ஈஸ்ட்ஹாமில் ரயிலேறினால் ஆல்ட்கேட் ஈஸ்ட் வரும்வரை இதைச் சொல்வார். நடுவே, பெங்குயின் 1935இல் நாவலுக்கு ஆரஞ்சு, துப்பறியும் கதைக்குப் பச்சை என்று நிறம் பிரித்ததும் வரும். 1972இல் 'எ க்ளாக்வொர்க் ஆரஞ்சு' நாவலுக்கு வேறொருவர் தந்த படம் சரிப்படாமல், பெங்குயினின் கலை இயக்குநர் டேவிட் பெல்ஹம் தானே உட்கார்ந்து பற்சக்கரக் கண் வைத்த முகத்தை ஒரே இரவில் முடித்ததும் வரும். அண்ணையின் அட்டைக்கு இது நாலாவது வருடம்.

படம் வரைகிறவள் இங்கேயே பிறந்த பிள்ளை. தமிழ் பேசுவாள், வாசிக்க வராது. அம்மாவை வாசிக்கச் சொல்லி நாவல் முழுவதையும் கேட்டுவிட்டுத்தான் வரைந்தாள்: நள்ளிரவு, மழை, ஒரு பெற்றோல் ஸ்டேசன், கண்ணாடிக்குப் பின்னால் ஒரு மனிதன். அண்ணை நெடுநேரம் பார்த்தார். "வடிவா இருக்குப் பிள்ளை. ஒரு பனை மட்டும் வைச்சு விடுங்கோ."

பனை வந்தது. பனைக்குத் துணையாக முள்ளுக்கம்பி வந்தது. பிறகு அஸ்தமனச் சூரியன். நள்ளிரவில் சூரியன் எப்படி என்று அவள் கேட்டதற்கு, "நவீன ஓவியம் எண்டு சொல்லுவம்" என்றார். முதுகு காட்டி நிற்கும் பெண் ஒருத்தி வந்தாள். மைத்துனர் வாட்ஸ்அப்பில் சொன்னதற்காக ஒரு காகமும் வந்தது. பெற்றோல் ஸ்டேசன் ஒதுங்கி ஒதுங்கிப் பின்னட்டைக்குப் போய், அங்கேயும் பார்கோடுக்கும் டவர் பிரிட்ஜ் முன்னால் கோட் போட்டு நிற்கும் அண்ணைக்கும் இடம் விட்டு ஒழிந்தது.

"ஊரை விட்டு வந்த சனம் பனையைக் கண்டாத்தானே கையில எடுக்கும்?" என்கிறார். சனம் எடுக்கும், மேசையிலுள்ள மற்ற நாவல்களிலும் அதே பனை நிற்பதைப் பார்த்துவிட்டு வைத்துவிடும்.

அண்ணையின் நாவலை நான் வாசித்திருக்கிறேன். படித்துப் பட்டம் வாங்கிய ஒருவன், க்ரொய்டன் பக்கம் ஒரு பெற்றோல் ஸ்டேசனில் இரவிரவாகச் சிகரெட்டும் பாலும் விற்றபடி விசாவுக்குக் காத்திருக்கிற கதை. நல்ல நாவல். தொடக்கம் முதல் முடிவு வரை ஒரு பனைகூட இல்லை. வாசிக்க விரும்புகிறவர்கள் இரண்டாம் பதிப்பு வரும்வரை காத்திருக்க வேண்டாம். கராஜில் வேண்டிய அளவு இருக்கிறது, கேளுங்கள்.