அமாவாசைக்காரர்

மனை புரோக்கர்களுக்கு அடுத்தபடியாக சேலம், நாமக்கல் பக்கம் ஊர் ஊராக இடம் பார்த்து அலைகிறவர் இவர்தான். புரோக்கர் கேட்கிற கேள்விகளையே இவரும் கேட்பார். பதில்தான் தலைகீழாக வேண்டும். ரோடு உண்டா என்பார். "இல்லீங்க, ஒத்தையடித் தடந்தான்" என்றால் முகம் மலரும். தெருவிளக்கு? "மனுக் குடுத்து மூணு வருசமாச்சுங்க." ரொம்ப சந்தோஷம். பக்கத்தில் கல்யாண மண்டபம், பெட்ரோல் பங்க் ஒன்றுமே கிடையாது என்று தோட்டக்காரர் கூச்சத்தோடு ஒப்புக்கொள்ளும்போது, இவர் நோட்டை எடுத்து 'மிக நன்று' என்று குறித்துக்கொள்வார். இப்படியொரு கிராக்கியை அதுவரை பார்த்திராத தோட்டக்காரர், "ஏனுங்க, ஏக்கரு என்ன வெலைக்குக் கேக்கறீங்க?" என்று விஷயத்துக்கு வருவார்.

"வாங்கறதுக்கில்லீங்க. அமாவாசை ராத்திரிக்கு ஒரு பத்துப் பேரு வந்து மல்லாந்து படுத்துட்டு, விடியறதுக்குள்ள போயிருவோம்."

அன்றிலிருந்து அந்தத் தோட்டத்தில் ராத்திரி நாயைக் கட்டிப்போடுவதில்லை.

இவர் ஆடு திருடரும் அல்லர், புதையல் எடுக்கிறவரும் அல்லர், வானம் பார்க்கிறவர். ஊருக்கு ஒருவர் தேறுவார். பாங்கியில் இருப்பார், அல்லது பிசிக்ஸ் வாத்தியார். திருச்செங்கோட்டில் ரிக் வண்டி வைத்திருக்கிறவராகக்கூட இருக்கலாம். பகலெல்லாம் ஆயிரம் அடி கீழே தண்ணீர் தேடுகிறவருக்கு ராத்திரியாவது மேலே பார்க்கத் தோன்றுவது நியாயந்தானே. ஆம்னியின் பின்சீட்டைக் கழற்றிவிட்டு அங்கே எட்டு அங்குல டாப்சோனியன் தொலைநோக்கியைக் கிடத்தியிருப்பார். மாமியார் வந்தால் பஸ்.

இவருக்கு உலகத்தில் ஒரே விரோதி வெளிச்சம். நம் சமவெளியில் அதற்குப் பஞ்சமில்லை. நாற்கரச் சாலை நெடுக ஹைமாஸ் விளக்குகள், சுங்கச்சாவடிகள், ராத்திரி ஷிப்டு ஓடும் நூற்பாலைகள், மேட்டூரில் அனல் மின் நிலையம். இதெல்லாம் போதாதென்று நாமக்கல்லில் கோழி. முட்டைக்கோழிக்கு நாளொன்றுக்கு 16 மணி நேரம் வெளிச்சம் கிடைத்தால்தான் ஒழுங்காக முட்டையிடும். சூரியன் கொடுத்ததுபோக மீதியைப் பண்ணைக்காரர் பல்பில் கொடுத்தாக வேண்டும். ஊரே ஆம்லெட் சாப்பிடும்போது இவர் மட்டும் அந்த முட்டைக்காகக் காணாமல்போன விண்மீன்களை நினைத்துப் பெருமூச்சு விடுவார்.

ஏற்காட்டில் லேடிஸ் சீட்டுக்கு இவரை அழைத்துப்போய்விடாதீர்கள். பொழுது சாய்ந்ததும் கீழே சேலம் முழுக்க விளக்கேறுவதைப் பார்த்து மற்றவர்கள் "ஆஹா" என்பார்கள். இவர் துக்க வீட்டுக்கு வந்தவராக நிற்பார். "அத்தனையும் மேல போகுதுங்க, மேல யாரு இருக்கா?" என்பார். இந்தக் கட்சியில் பாதி நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. விளக்குக்கு ஒரு மூடி போட்டுக் கீழே திருப்பிவிட்டால் ரோட்டுக்கும் வெளிச்சம், வானத்துக்கும் இருட்டு. வானத்துக்குப் போகிற வெளிச்சத்துக்கும் பஞ்சாயத்துதான் பில் கட்டுகிறது. அதிலும் புதிதாக வந்த வெள்ளை எல்.இ.டி. விளக்கில் நீல ஒளி அதிகம், அது காற்றில் கூடுதலாகச் சிதறும். பழைய சோடியம் விளக்கின் மஞ்சளைப் பற்றி இவர் செத்துப்போன சிநேகிதரைப் பற்றிப் பேசும் குரலில்தான் பேசுவார்.

இருட்டை அளக்க ஒரு கணக்கு இருக்கிறது. ஜான் போர்ட்டில் என்ற அமெரிக்க வானோக்கர் 2001-ல் வகுத்தது: ஒன்று என்றால் சுத்தமான இருட்டு, ஒன்பது என்றால் நகரத்தின் நடுமையம். இவருக்கு ஊரெல்லாம் இந்த எண்தான். சேலம் ஐந்து ரோடு ஒன்பது, ராசிபுரம் ஆறு, கொல்லிமலையில் செம்மேடு தாண்டினால் நாலு என்று வாய்க்கணக்காகச் சொல்வார். தங்கை மகனுக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் எல்லோரும் நகை, படிப்பு என்று பேசிக்கொண்டிருக்க, இவர் கொல்லைப்புறம் போய் அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தார். "பரமத்தி வேலூரு நல்ல ஊருதானுங்க. ஆத்தங்கரை, தெற்கே நல்லாத் திறந்திருக்கும். ஆனா எதிர்க்கரையில புகளூர் காகித ஆலை வெளிச்சம் அடிக்குது. யோசிச்சுச் செய்யுங்க."

தெற்கு என்று இவர் உருகுவதற்குக் காரணம் உண்டு. ஐரோப்பாவின் பெரும்பகுதியில் அடிவானத்துக்கு மேலே தலைகூடக் காட்டாத ஒமேகா செண்டாரி என்ற மாபெரும் விண்மீன் கொத்து, நமக்கு ஏறத்தாழ 30 டிகிரி உயரத்துக்கு வருகிறது. அகத்திய நட்சத்திரமும் அப்படித்தான், தென்சிலுவையும் அப்படித்தான். துருவ நட்சத்திரந்தான் 11, 12 டிகிரியில் புழுதிக்குள் கிடக்கும். அதைப்பற்றி இவருக்கு வருத்தமில்லை. வெள்ளைக்காரன் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்.

வீட்டில் தினசரி காலண்டரை இவர் அமாவாசைக்காக மட்டுமே புரட்டுவார். அன்றைக்கு விரதம், முன்னோருக்கு இலை போட வேண்டும் என்று மனைவி சொன்னால், "மத்தியானத்துக்குள்ள முடிச்சிரு, மூணு மணிக்குக் கிளம்போணும்" என்பார். பௌர்ணமி இவருக்கு எதற்கும் ஆகாத நாள். ஆகவே அம்மாவைத் திருவண்ணாமலைக் கிரிவலத்துக்குக் கூட்டிப்போவார். அமாவாசையானால் மலைக்குப் போகிறார், பௌர்ணமியானால் கிரிவலம் போகிறார், இந்தக் காலத்தில் இப்படியொரு பக்திமானா என்று தெரு பேசிக்கொள்கிறது. இவரும் மறுப்பதில்லை.

தமிழ்நாட்டில் 2012 மின்வெட்டை நினைத்து ஏங்குகிற ஒரே ஜீவன் இவர்தான். விசிறியும் கையுமாக ஊரே அரசைத் திட்டிக்கொண்டிருந்த அந்த ராத்திரிகளில் இவர் மொட்டை மாடியிலிருந்தே பால்வீதியைப் பார்த்தாராம். இதை விருந்தினர் முன்னால் சொல்லக் கூடாது என்று வீட்டில் கண்டிப்பான உத்தரவு.

இவருடைய குலதெய்வம் வைணு பாப்பு. தொலைநோக்கிக்கு ஏற்ற இருட்டைத் தேடி ஜவ்வாது மலையில் காவலூரைத் தேர்ந்தவர். 1968-ல் அங்கே 38 செ.மீ. தொலைநோக்கியோடு வேலை ஆரம்பமானது, 1986-ல் 2.34 மீட்டர் தொலைநோக்கி வந்து, அதற்கு அவர் பெயரையே வைத்தார்கள். "அவரு செஞ்ச அதே வேலையைத்தானுங்க நானும் செய்யறேன். எனக்கு டி.ஏ. கெடையாது, அவ்வளவுதான் வித்தியாசம்" என்பார்.

கூட்டம் சேர்க்கும் ராத்திரிதான் இவருக்குப் பரீட்சை. பங்குனி அமாவாசை. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறி, பாதிப் பேர் வாந்தியெடுத்து, மீதிப் பேர் எலுமிச்சம்பழம் மோந்து, கொல்லிமலையில் ஒரு குக்கிராமத்து மேட்டுக்கு வந்து சேர்வார்கள். சட்டதிட்டங்கள் வாசிக்கப்படும். டார்ச்சுக்குச் சிவப்புக் கண்ணாடித்தாள் கட்டியிருக்க வேண்டும். காரின் உள்விளக்குக்குக் கறுப்பு டேப். கண் இருட்டுக்குப் பழக 20, 30 நிமிடம் ஆகும். யாராவது ஒருவர் ஒரு வினாடி மொபைலைத் திறந்தால் எல்லோருக்கும் முதலிலிருந்து. அரை மணி நேரம் பத்துப் பேரும் கல்லாகச் சமைந்து உட்கார்ந்திருப்பார்கள். யாருக்கோ மனைவியிடமிருந்து அழைப்பு வரும், திரை பளிச்சிடும், இவர் போடும் சத்தத்தில் பலா மரத்துப் பறவைகள் கிளம்பும். மறுபடியும் அரை மணி நேரம்.

இருபத்தெட்டாவது நிமிடத்தில், யாரும் எதிர்பாராத விதமாக, மேடு முழுக்கப் பகலானது.

கம்பத்தடியில் ஊர்ப் பெரியவர் நிற்கிறார். முகமெல்லாம் சிரிப்பு. "ஏனுங்க, விருந்தாளிங்க வந்து இருட்டுல கெடக்கறீங்களே! ஒரு வார்த்த சொல்லக் கூடாதுங்களா? திருவிழாவுக்குப் போடற போகஸ் லைட்டு, பையனை அனுப்பி எடுத்தாரச் சொன்னேன்."

அணைக்கச் சொல்ல இவருக்கு நா எழவில்லை. பெரியவர் வீட்டில் பொங்கல் வேறு தயாராகிக்கொண்டிருந்தது. சாப்பிட்டு, வெற்றிலை போட்டு, உறவுமுறையெல்லாம் விசாரித்து, லைட்டுக்குக் கரண்ட் செலவாகுமே என்று இவர் பக்குவமாக எடுத்துச் சொல்லி அணைக்க வைத்தபோது மணி பன்னிரண்டு. நல்லவேளை, ஒமேகா செண்டாரி அப்போதுதான் தெற்கே வசமாக ஏறியிருந்தது. முதல் மரியாதையாகப் பெரியவரையே பார்க்கச் சொன்னார்கள். அவர் ஒற்றைக் கண்ணை மூடத் தெரியாமல் தடுமாறி, பேரன் வந்து கையால் பொத்திவிட, குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"சேகோ காயப் போட்டாப்பல இருக்குதுங்க."

கிட்டத்தட்ட ஒரு கோடி விண்மீன் என்று இவர் விளக்கினார். பெரியவர் நிமிர்ந்து, "சரிங்க. இதுக்கா சேலத்துலேர்ந்து வந்தீங்க? எங்க களத்துல கட்டிலைப் போட்டா தெனமுந்தான் தெரியுது வானம். எங்களுக்கு என்னமோ ஒரு தெருவெளக்கு எரிஞ்சாத் தேவலை" என்றார்.

இந்த இடத்தில்தான் இவர் எப்போதும் மாட்டிக்கொள்வார். ராசிபுரத்துக்கு மேலே போதமலை இருக்கிறது. ரோடு இல்லாததால் தேர்தல்தோறும் வாக்குப்பெட்டி தலைச்சுமையாகத்தான் மேலே போனது. பிரசவ வலி கண்டவளைத் தூளி கட்டித்தான் இறக்கினார்கள். இவர் நோட்டில் அந்த மலைக்கு இரண்டு நட்சத்திரக் குறி. அங்கே ரோடு போடுகிறார்கள் என்று செய்தி வந்த அன்றைக்கு, "நல்ல காரியந்தானுங்க, நல்ல காரியந்தானுங்க" என்று கேட்காதவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். நோட்டில் குறியை மட்டும் பென்சிலால் மெதுவாக அடித்தார்.

2024-ல் இவருக்கே ஒரு நல்ல காலம் வந்தது. லடாக்கில் ஹான்லே 2022-லேயே இருள் வானக் காப்பகமாகிவிட்டது. இப்போது கொல்லிமலையிலும் இருள் வானப் பூங்கா அமைக்கத் தமிழக அரசு முடிவெடுத்தது. தெருவில் எல்லோரும் கைகொடுத்தார்கள். இவர் மட்டும் கவலையில் ஆழ்ந்தார். பூங்கா என்றால் நுழைவு வளைவு வைப்பார்கள். வளைவு என்றால் அதில் எழுத்து, எழுத்து என்றால் அது ராத்திரி தெரிய ஒரு விளக்கு. கார் நிறுத்த இடம், அதற்கு நாலு கம்பம். மிளகாய் பஜ்ஜிக் கடை, அதற்கு சீரியல் பல்பு.

ராத்திரி முழுக்க உட்கார்ந்து மனு எழுதினார். பெயர்ப்பலகை வேண்டாம், வைத்தாலும் விளக்கு வேண்டாம், போட்டாலும் மூடி போட்டுக் கீழ்நோக்கிப் போடவும், சுற்றுவட்டாரத் தெருவிளக்குகள் அமாவாசையன்று எரியக் கூடாது. வனத்துறைக்கு ஒன்று, கலெக்டருக்கு ஒன்று, மின்வாரியத்துக்கு ஒன்று. பத்து நாள் கழித்து ஏதோவொரு ஆபீசிலிருந்து போன் வந்தது. மரியாதையான குரல்.

"சார், உங்க மனுவுல ஒரு சின்னப் பிழைங்க. 'எரியக் கூடாது'ன்னு இருக்குது. 'எரியவில்லை'ன்னு நானே திருத்திக்கட்டுங்களா?"