பத்தரை மணி அபிஷேகம்

தாணே கோட்பந்தர் ரோட்டில் எந்த சொசைட்டிக்குள் நுழைந்தாலும் ஒரு சென்சிடிவ் ஸ்கின் சித்தி இருப்பார். "எனக்கு ரொம்ப சென்சிடிவ் ஸ்கின்!" என்று சொல்லும்போது குரலில் குலப்பெருமையே தொனிக்கும். ஸ்லோ லோக்கலில் நசுங்கி, மெட்ரோ வேலைப் புழுதியைப் பூசிக்கொண்டு வீடு திரும்பியதும் அவர் தேடுவது கண்ணாடியைத்தான். "பாத்தேளா, மறுபடியும் செவந்துடுத்து!"

பத்தரைக்கு அபிஷேகம். வால்நட் ஓடு கலந்த ஸ்க்ரப், கிளைகாலிக் டோனர், வைட்டமின் சி, ரெட்டினால் எல்லாம் ஆன பிறகு, மாட்டுங்காவிலிருந்து அம்மா கொடுத்தனுப்பிய கஸ்தூரி மஞ்சள், எலுமிச்சைச் சாற்றில் குழைத்து. "இது நேச்சுரல், ஒண்ணும் பண்ணாது." தோலின் பி.எச். ஐந்தை ஒட்டி, எலுமிச்சையுடையது சுமார் இரண்டு. நேச்சுரல் அமிலமும் அமிலம்தான். பாத்ரூம் வாசலில் பிரஷ்ஷோடு நிற்கும் சித்தப்பா, "நான் பல் தேய்ச்சுக்கலாமா?" என்கிறார். பதில் வராது, தீபாராதனை இன்னும் ஆகவில்லை.

காலையில் முகம் தக்காளி நிறம். "ஏதோ ஒண்ணு கொறையறது" என்று அன்றே இன்னொரு செரம் ஆர்டர் ஆகும்.

ஒருவழியாகத் தோல் டாக்டரிடம் போனார். வாசனையில்லாத மென்மையான க்ளென்சர், வெதுவெதுப்பான தண்ணீர், ஈரம் காயுமுன் செரமைடு கிரீம்; மற்றதெல்லாம் நிறுத்தம். எரிச்சல் அடங்கியபின் ஆசையிருந்தால் ரெட்டினால், வாரம் ஓரிரு இரவு. புதிது எதுவானாலும் ஒவ்வொன்றாக, முதலில் முழங்கை உட்புறத்தில் சில நாள் தடவிப் பார்த்துவிட்டு. சித்தி கொதித்தார்: "இத்தனை ஃபீஸ் வாங்கிண்டு ரெண்டே ரெண்டு ஐட்டம்! இவரெல்லாம் ஒரு டாக்டரா?"

நேரே கெமிஸ்ட் கடை. அந்த பையா நீட்டிய சின்ன ட்யூபில் மூன்றே நாளில் முகம் பளபளத்தது. ஸ்டீராய்டு ஆயிற்றே, பளபளக்காதா! தொடர்ந்து தடவினால் தோல் மெலியும். நிறுத்தினால் சிவப்பு வட்டியோடு திரும்பும். 2018-லேயே இத்தகைய களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் அரசு சேர்த்துவிட்டது. சித்தியிடம் யார் சீட்டுக் கேட்டார்கள்?

உங்கள் வீட்டுச் சித்தியின் அலமாரியையும் ஒருமுறை பாருங்கள். பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், குளோபெட்டசால் என்று ஏதாவது ட்யூபில் எழுதியிருந்தால், அதை எடுத்துக்கொண்டு அந்த ரெண்டு ஐட்டம் டாக்டரிடமே திரும்பப் போகச் சொல்லுங்கள்.