மூன்று மடங்கா, நான்கு மடங்கா?

கேள்வி: ‘த்ரீ டைம்ஸ் மோர்’ என்று ஆங்கிலத்தில் எழுதினால் மூன்று மடங்கா, நான்கு மடங்கா? வீட்டில் பெரிய சண்டையே நடக்கிறது!

பதில்: கணக்கு வாத்தியார் நான்கு என்பார். நூறு ரூபாய், அதற்கு மேல் முந்நூறு, ஆக நானூறு! ஆனால் ஆங்கிலம் பேசுகிறவர்களில் பெரும்பாலோர் மனதில் இருப்பது முந்நூறுதான். மெரியம்-வெப்ஸ்டர் அகராதிக்காரர்களும் பேசுகிறவர்கள் கட்சி. நானும் அதே கட்சி. நம்மூரில் ‘மூன்று மடங்கு அதிகம்’ என்றாலும் இதே வழக்குதானே? பணம் கைமாறும் இடத்தில் மட்டும் ‘த்ரீ டைம்ஸ் அஸ் மச்’ என்று எழுதி வாங்குங்கள். அது முந்நூறேதான், பேச்சுக்கே இடமில்லை.

‘ஹாஃப் அஸ் மச் அகெய்ன்’ இன்னும் பொல்லாதது. ‘ஹாஃப்’ காதில் விழுந்ததும் பாதி விலை என்று குதிக்காதீர்கள், ஒன்றரை மடங்கு கேட்கிறார்கள்!

சதவீதத்திலும் இந்த வம்பு உண்டு. 2025 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியை 6.50 சதவீதத்திலிருந்து 6.25 ஆக்கியது. ‘கால் சதவீதம் குறைப்பு’ என்கிறோம். ஆனால் 6.50-க்குக் கால் சதவீதம் எவ்வளவு என்று கணக்கிட்டுக் கழித்துப் பாருங்கள், வட்டி 6.48-க்குக் கீழே இறங்காது! இந்தக் குழப்பம் வேண்டாம் என்றுதான் வங்கிக்காரர்கள் ‘25 பேஸிஸ் பாயின்ட்’ என்கிறார்கள். ஒரு பாயின்ட் என்பது சதவீதப் புள்ளியில் நூறில் ஒன்று.

வீட்டுச் சண்டையில் ‘மூன்று’ என்றவருக்கு என் ஓட்டு. ‘நான்கு’ என்றவரிடம் மாதக் கணக்கை ஒப்படைத்துவிடுங்கள்.